சரிவு மனையில் டெக்கை நீட்டலாமா? – வாசகர் கேள்வி பதில்

பல்லாவரம், திரிசூலம், குரோம்பேட்டை எனக் குன்றுகளை ஒட்டிய பகுதிகளில் வசிக்கும் வாசகர்கள் சிலர், வீட்டின் பின்புறம் ஏற்கெனவே இருக்கும் டெக்கை, அதாவது தூண்களின் மேல் பலகை போட்ட திறந்த மேடையை, பெரிதாக்குவது பற்றி எழுதியிருக்கிறார்கள். சமதள மனையில் இது எளிய வேலை. சரிவில் அப்படியல்ல என்பதால் இந்த இதழின் பக்கங்களை இதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: ஜமீன் பல்லாவரத்தில் குன்றின் அடிவாரச் சரிவில் எங்கள் வீடு இருக்கிறது. பின்புறம் 15 அடி அகலத்தில், வீட்டிலிருந்து 10 அடி வெளியே நீளும் டெக் ஒன்றைச் சில ஆண்டுகளுக்கு முன் அமைத்தோம். இரும்பு பைப் சட்டங்களின் மேல் தேக்குப் பலகை போட்டிருக்கிறது. சுவரை ஒட்டிய பக்கத்தில் மேடை தரையிலிருந்து இரண்டடி உயரத்திலும் வெளி ஓரத்தில் நாலரை அடி உயரத்திலும் நிற்கிறது. வெளி ஓரத்தைத் தாங்க மூன்று தூண்கள் உள்ளன. பேரப்பிள்ளைகள் வந்தால் இடம் போதவில்லை என்பதால் இன்னும் 8 அடி நீட்ட விரும்புகிறோம். பழைய வெளிச்சட்டத்தில் புதிய பைப்புகளைப் பற்றவைத்து, கடைசியில் மட்டும் இரண்டு தூண் நட்டால் போதும், செலவு பாதியாகும் என்கிறார் மேஸ்திரி. அப்படிச் செய்யலாமா?
– வாசகர், ஜமீன் பல்லாவரம்

பதில்: நீட்டலாம் ஐயா. ஆனால் மேஸ்திரி சொல்லும் முறையில் வேண்டாம். புதிய பகுதி தன் எடை முழுவதையும் தன் சொந்தத் தூண்களில் சுமக்க வேண்டும். பழைய டெக்கின் மேல் அதைத் தொங்கவிடக் கூடாது. இது அளவுக்கு மீறிய எச்சரிக்கை அல்ல என்பதை நீங்கள் கொடுத்த அளவுகளையே வைத்துக் கணக்கிட்டுக் காட்டுகிறேன்.

வீட்டின் பால்கனி போன்ற இடங்களுக்குச் சதுர மீட்டருக்குக் குறைந்தது 3 கிலோ நியூட்டன் பாரம் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஐ.எஸ். 875 என்னும் இந்தியத் தர விதியின் இரண்டாம் பகுதி சொல்கிறது. அடிக்கணக்கில் இது சதுர அடிக்கு ஏறத்தாழ 28 கிலோ. பலகை, சட்டம், கைப்பிடி ஆகியவற்றின் எடையையும் சேர்த்துச் சதுர அடிக்கு 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இப்போதுள்ள டெக்கின் 10 அடியில் பாதியை வீட்டுப் பக்கம் தாங்குகிறது. மீதி 5 அடியை வெளித் தூண்கள் தாங்குகின்றன. மூன்று தூண்களில் நடுத்தூணுக்கு ஏழரை அடி அகலம் பங்காக வருவதால், அது சுமப்பது முப்பத்தேழரை சதுர அடி, அதாவது சுமார் 1,500 கிலோ. மேஸ்திரி சொல்வதுபோல 8 அடியை இதனுடன் பற்றவைத்தால், அந்த எட்டில் பாதியான 4 அடியும் இதே தூண் வரிசையின் மேல் வந்து விழும். நடுத்தூணின் பாரம் 2,700 கிலோவாக உயரும். எட்டு அடி நீட்டுவதற்காகப் பழைய தூணின் சுமையை 80 சதவீதம் கூட்டுகிறோம் என்பதே இதன் பொருள்.

அந்தத் தூணின் அடியில் என்ன இருக்கிறது என்பதுதான் அடுத்த கேள்வி. இவ்வளவு சிறிய டெக்குக்குப் பொதுவாக ஒன்றரை அடிச் சதுரத்தில்தான் கான்கிரீட் அடித்தளம் போடுவார்கள். அந்த அளவில் 2,700 கிலோ இறங்கினால் மண்ணின் மேல் சதுர அடிக்கு 1,200 கிலோ அழுத்தம் உண்டாகும். கெட்டியான கிராவல் மண்ணோ பாறையோ இதைத் தாங்கிவிடும். ஆனால் சரிவு மனைகளில் வீடு கட்டும்போது மேல்பக்கத்தை வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப்பக்கத்தில் கொட்டிச் சமன் செய்வதே வழக்கம். உங்கள் டெக்கின் வெளித் தூண்கள் நிற்பது பெரும்பாலும் அந்தக் கொட்டிய மண்ணில்தான் இருக்கும். அது இத்தனை ஆண்டுகள் அசையாமல் இருப்பது இப்போதுள்ள பாரத்துக்கு மட்டுமே சான்று. ஐப்பசி, கார்த்திகை மழையில் முழுக்க ஊறிய பிறகு கூடுதல் பாரத்தையும் அது தாங்கும் என்று நம்ப ஆதாரம் இல்லை. கொட்டிய மண் ஊறினால் தூண் நேராக மட்டும் இறங்குவதில்லை, சரிவின் போக்கில் சற்றே நகரவும் செய்யும். அப்போது பற்றவைத்த இணைப்புகள்தான் முதலில் பிளக்கும்.

எனவே வேலையைச் சோதனைக் குழியிலிருந்து தொடங்குங்கள். புதிய தூண் வரும் இடங்களில் இரண்டடிச் சதுரத்தில் குழி எடுத்து, தோண்டத் தோண்ட மண் மாறுவதைப் பாருங்கள். செங்கல் துண்டு, ஓட்டுச் சில்லு, பிளாஸ்டிக் பை, கறுத்த மட்கு போன்றவை வரும் வரை அது கொட்டிய மண்தான். அவை நின்று, கடப்பாரை இறங்க மறுக்கும் செம்பழுப்புக் கிராவல் வந்த பிறகே இயற்கைத் தரை தொடங்குகிறது. பல்லாவரத்தில் அதற்குக் கீழே சார்னோக்கைட் என்னும் கருங்கல் பாறை இருக்கும். இங்கே ஓர் ஏமாற்றத்துக்கு இடம் உண்டு. இந்தப் பாறை சிதையும்போது முழுப் பாளமாகச் சிதையாமல், நடுவில் உருண்டைக் கற்களை விட்டுவிட்டுச் சுற்றிலும் மண்ணாகிறது. குழியில் கடப்பாரை ‘ணங்’ என்று மோதியதும் பாறை வந்துவிட்டது என்று வேலையை நிறுத்திவிடுவார்கள். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். அடிப்பாறை கணீரென்று ஒலிக்கும், மண்ணுக்குள் கிடக்கும் உருண்டைக் கல் மந்தமாக ஒலிக்கும். அதோடு நில்லாமல் கல்லின் ஓரங்களில் கடப்பாரையை விட்டு நெம்பிப் பாருங்கள். ஓரத்தில் கடப்பாரை மண்ணுக்குள் இறங்கினால் அது தனிக்கல். அதை எடுத்துவிட்டு மேலும் தோண்ட வேண்டும்.

உண்மையான அடிப்பாறை மேலாகவே கிடைத்துவிட்டால் அதை உடைத்துக் குழி எடுக்க வேண்டியதில்லை. சரிந்திருக்கும் பாறை முகத்தை உளியால் படிபோலச் சமனாகக் கொத்தி, 12 மி.மீ. கம்பிகள் நான்கை ஓரடி ஆழம் துளையிட்டு இறக்கி, எபாக்ஸி கலவையால் பிடிக்கவைத்து, அவற்றைச் சுற்றிக் கான்கிரீட் பீடம் எழுப்பினால் போதும். படி கொத்தாமல் சரிந்த முகத்தின் மேலேயே பீடத்தை வார்ப்பது சறுக்கலுக்கு வழிவகுக்கும்.

மண்ணில்தான் அடித்தளம் என்றால், ஆழம் இயற்கைத் தரைக்குள் குறைந்தது ஒன்றரை அடியாவது இருக்கட்டும். சரிவு நிலத்துக்கென்று ஐ.எஸ். 1904 கூறும் ஒரு விதியை உங்கள் பொறியாளரிடம் நினைவூட்டுங்கள்: அடித்தளத்தின் கீழ் விளிம்பிலிருந்து சரிவின் மேற்பரப்பு வரை கிடைமட்டத்தில் அளந்தால், பாறையில் 60 செ.மீ.யும் மண்ணில் 90 செ.மீ.யும் குறையாமல் இருக்க வேண்டும். சரிவின் ஓரத்தில் ஆழமில்லாமல் போட்ட அடித்தளம் நேர்ப்பாரத்தைத் தாங்கினாலும், அதன் முன்னால் இருக்கும் மண் மழையில் கரைந்தால் பிடிமானம் போய்விடும். இந்த விதி அதைத்தான் தடுக்கிறது.

இனி அமைப்பு. 15 அடிக்கு 8 அடி என்றால் 120 சதுர அடி, மொத்தம் 4,800 கிலோ. இதை வரிசைக்கு இரண்டாக நான்கு தூண்களில் பகிர்ந்தால் தூணுக்குச் சராசரியாக 1,200 கிலோதான் வருகிறது. இரண்டடிச் சதுர அடித்தளத்தில் அழுத்தம் சதுர அடிக்கு 300 கிலோவாகக் குறைந்துவிடுகிறது. முன்பு சொன்ன 1,200 கிலோவுடன் இதை ஒப்பிட்டுப் பார்த்தால், கூடுதலாக இரண்டு தூண்களுக்கு ஆகும் செலவு எதற்காக என்பது புரியும். முதல் வரிசையைப் பழைய தூண்களிலிருந்து ஒன்றரை அடி தள்ளியும், இரண்டாம் வரிசையைப் புதிய ஓரத்துக்கு அரையடி உள்ளேயும் வையுங்கள். இடையில் ஆறடி இருக்கும், பழைய டெக்கை நோக்கிச் சட்டங்கள் ஒன்றரை அடி நீண்டு நிற்கும். புதிய தூண்கள் பழைய தூண்களுக்கு நேராக வராமல் அவற்றின் இடைவெளிகளின் நடுவில் வரட்டும். அப்படி வைத்தால் இரண்டு அடித்தளங்களுக்கும் இடையே சுமார் இரண்டடி மண் கலைக்கப்படாமல் மிஞ்சும். புதிய குழி பழைய அடித்தளத்தைவிட ஓரடி ஆழமாகப் போகலாம். அதற்கு மேல் போக நேர்ந்தால் ஆழத்தைப்போல் இரு மடங்கு தூரம் தள்ளிப் போங்கள். எல்லாக் குழிகளையும் ஒரே நாளில் திறந்து வைக்காமல், ஒன்றைத் தோண்டிக் கான்கிரீட் போட்ட பிறகு அடுத்ததைத் தோண்டச் சொல்லுங்கள்.

பழைய டெக்குக்கும் புதியதற்கும் நடுவே முக்கால் அங்குல இடைவெளி விட்டு, மேலே அலுமினியப் பட்டை ஒன்றைப் போடலாம். அந்தப் பட்டையை ஒரு பக்கத்தில் மட்டும் திருகுங்கள். இரண்டு பக்கமும் திருகிவிட்டால் தனித்தனியாக நிற்க வைத்ததன் பயனே போய்விடும்.

உங்கள் தரை நான்கடிக்கு ஓரடி இறங்குகிறது. எனவே புதிய ஓரத்தில் மேடை ஆறரை அடி உயரத்தில் நிற்கும். சுவரின் துணையில்லாமல் தனியே நிற்கும் மேடை என்பதால், நான்கு பக்கமும் தூண்களுக்கு இடையே குறுக்குச் சட்டங்கள் கட்டாயம் தேவை. கீழே நடமாட இடைஞ்சலாக இருக்கிறது என்று இவற்றை விட்டுவிடுபவர்கள் உண்டு, தயவுசெய்து விடாதீர்கள். பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஓடி நிற்கும்போது மேடை சரிவின் பக்கம் அசையாமல் பிடித்துக்கொள்பவை இவைதான். இரும்புத் தூணை நேரே மண்ணில் புதைக்காமல், தரைக்கு மேல் ஆறு அங்குலம் எழும்பிய கான்கிரீட் பீடத்தில் அடித்தகடு வைத்து போல்ட் போடுங்கள். பீடத்தின் தலைக்கு நாற்புறமும் வாட்டம் கொடுத்துப் பூசினால் தகட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்காது.

மழைநீருக்கும் இதே கவனம் தேவை. மேல் மனையிலிருந்தும் மொட்டை மாடிக் குழாயிலிருந்தும் வரும் நீர் இப்போது எங்கே போகிறது என்பதை ஒரு மழை நாளில் குடையோடு நின்று பாருங்கள். அது டெக்கின் அடியில் ஓடினால், சரிவுக்குக் குறுக்கே மேல்பக்கத்தில் ஒரு சிறு வாய்க்கால் எடுத்து, தூண்களைச் சுற்றிக்கொண்டு போகும்படி வாட்டம் பார்த்துத் திருப்புங்கள். பலகை இடுக்குகளில் சொட்டும் நீர் மண்ணை அரிக்காமல் இருக்க, அடியில் மண்தடுப்புத் துணி விரித்து அதன் மேல் 40 மி.மீ. ஜல்லியை மூன்று, நான்கு அங்குலம் பரப்புவது நல்லது. கொசுவுக்கு இடம் தரும் குட்டைகளும் அதனால் இல்லாமல் போகும்.

இவ்வளவுக்கும் முன்னால் பழைய டெக்கைச் சோதியுங்கள். தூண் மண்ணைத் தொடும் இடத்தில் துரு வளையமாகப் படர்ந்திருந்தால் அதைச் சுரண்டிவிட்டுச் சுத்தியலால் தட்டுங்கள். தகடு உள்ளே அமுங்கினால் அந்தத் தூணை மாற்ற வேண்டியதுதான். பலகைகள் சட்டத்தில் உட்காரும் இடங்களில் திருப்புளியின் முனையை அழுத்துங்கள். கால் அங்குலம் இறங்கினாலும் அங்கே ஈரமோ கரையானோ வேலை செய்திருக்கிறது என்று அறியலாம். பழையதைச் சரிசெய்யாமல் புதியதற்குச் செலவு செய்வதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவில் டெக் கட்டும் காணொளிகளில், வீட்டுச் சுவரில் நீளமான பலகை ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி, டெக்கின் ஒரு பக்கத்தை முழுவதும் அதில் தாங்கவைக்கிறார்கள். மூன்று, நான்கு அடி ஆழம் குழி தோண்டுகிறார்கள். எங்கள் வீட்டிலும் அப்படியே செய்யலாமா?
– வாசகி, குரோம்பேட்டை

பதில்: அங்கே பெரும்பாலான வீடுகளின் சுவரும் தளமும் மரச்சட்டத்தால் ஆனவை, போல்ட் போய் இறங்குவது தளத்தைத் தாங்கும் கனமான மரச்சட்டத்தில். அப்படியிருந்தும் அந்தப் பலகை சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வருவதுதான் அங்கு டெக்குகள் சரிந்து விழுவதற்கான முக்கியக் காரணங்களில் ஒன்றாகச் சொல்லப்படுகிறது. நம் வீட்டில் இருப்பது 9 அங்குலச் செங்கல் சுவர். போல்ட் செங்கல்லின் நடுவில் விழுமா, கலவைச் சந்தில் விழுமா என்பது நம் கையில் இல்லை. சுமையின் இழுப்பில் செங்கல் நொறுங்கவோ பூச்சோடு பெயரவோ கூடும். துளை வழியாகச் சாரல் நீர் உள்சுவருக்கும் இறங்கும். கான்கிரீட் உத்தரம் இருக்கும் மட்டத்தில் பொறியாளர் கணக்கிட்டுக் கெமிக்கல் ஆங்கர் (துளைக்குள் பசையால் பிடிக்கவைக்கும் போல்ட்) போடச் சொன்னால் மட்டும் அதை ஏற்கலாம். மற்றபடி சுவரை ஒட்டியும் தனித் தூண் நிறுத்துவதே நம் ஊருக்கு ஏற்றது.

குழியின் ஆழத்துக்கு அங்கே காரணம் பனி. குளிர் மிகுந்த மாநிலங்களில் மண்ணுக்குள் இருக்கும் நீர் உறைந்து விரிந்து அடித்தளத்தை மேலே தூக்கிவிடும் என்பதால், உறையும் மட்டத்துக்குக் கீழே போகிறார்கள். நமக்கு அந்தச் சிக்கல் இல்லை. முன் பதிலில் சொன்னபடி, கொட்டிய மண் எங்கே முடிகிறதோ அதுவே நம் ஆழத்தைத் தீர்மானிக்கிறது. அது இரண்டடியாகவும் இருக்கலாம், ஆறடியாகவும் இருக்கலாம்.

கேள்வி: தூண், சட்டம் என்று போகாமல், சரிவின் கீழ்ப்பக்கத்தில் ஐந்தடிக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் எழுப்பி, உள்ளே மண் நிரப்பி, மேலே டைல்ஸ் பதித்துவிட்டால் பராமரிப்பே இருக்காது என்று என் மகன் சொல்கிறான். இது சரியா?
– வாசகர், திரிசூலம்

பதில்: சுவர் சரியாகக் கட்டப்பட்டால் சரிதான். ஆனால் இது தூண் டெக்கைவிடக் கடினமான வேலை என்பதை மகனிடம் சொல்லுங்கள். ஐந்தடி மண்ணைத் தாங்கும் கருங்கல் சுவருக்கு அடியில் இரண்டரை முதல் மூன்றரை அடி வரை அகலம் தேவைப்படும். ஒன்றேகால் அடியில் நேராகக் கட்டி நிறுத்தும் மதில் சுவர் இதற்கு உதவாது.

ஆபத்து மண்ணைவிடத் தண்ணீரிலிருந்துதான் அதிகம் வருகிறது. சுவருக்குப் பின்னால் உள்ள மண் காய்ந்திருக்கும்போது கொடுக்கும் தள்ளுவிசை, அதே மண்ணில் நீர் நிரம்பி வெளியேற வழியில்லாமல் நிற்கும்போது இரு மடங்குக்கும் மேல் ஆகிறது. டிசம்பர் மழையில் சுவர்கள் சாய்வதற்கு இதுவே காரணம். ஆகவே சுவரின் அடிமட்டத்திலிருந்து தொடங்கி, நான்கடிக்கு ஒன்றாக 3 அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் சாய்த்துப் பதித்து, அவற்றின் பின்னால் ஓரடி அகலத்துக்கு ஜல்லியும் மண்தடுப்புத் துணியும் வைக்க வேண்டும். துணி இல்லாவிட்டால் சில மழைக்காலங்களில் மண் வந்து குழாயை அடைத்துவிடும். நிரப்பும் மண்ணை அரையடிக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இறுக்காவிட்டால் டைல்ஸ் வெடிக்கும். வீட்டுச் சுவரின் ஈரத்தடுப்புப் பட்டைக்கு மேல் மண்மட்டம் ஏறாமலும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மனைக்குக் கீழே இன்னொருவர் வீடு இருக்கிறது என்றால், பொறியாளரின் கையெழுத்திட்ட வரைபடம் இல்லாமல் இந்தச் சுவரைத் தொடங்கவே வேண்டாம். சுவர் சாய்ந்தால் விழப்போவது அவர்கள் மேல்.

கேள்வி: நீட்டிய டெக்கின் மேல் வெயிலுக்காக இலேசான தகரக் கூரை போட விரும்புகிறோம். இலேசான கூரைதானே, தூணுக்கு என்ன பாரம் கூடிவிடப் போகிறது?
– வாசகி, பம்மல்

பதில்: அம்மா, கூரை இலேசாக இருப்பதுதான் இங்கே கவலை. கீழே அழுத்தும் பாரத்தைவிட மேலே தூக்கும் காற்றுக்குத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக ஐ.எஸ். 875-இன் மூன்றாம் பகுதி விநாடிக்கு 50 மீட்டரை, அதாவது மணிக்கு 180 கிலோமீட்டரைக் குறிப்பிடுகிறது. அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர அடிக்கு ஏறத்தாழ 14 கிலோ வருகிறது. 120 சதுர அடிக் கூரைக்குச் சுமார் 1,700 கிலோ. கூரையின் வடிவத்தையும் சரிவையும் பொறுத்து இது கூடும், குறையும். சரிவின் முகப்பில் இருக்கும் வீட்டுக்குக் காற்று கீழிருந்து மேலே ஏறி வருவதால் இன்னும் கவனம் வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையைக் கடந்தபோது நகரெங்கும் கூரைத் தகடுகள் பறந்ததைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்த இழுப்பைக் கூரையிலிருந்து தூணுக்கும், தூணிலிருந்து அடித்தகட்டு போல்ட்டுக்கும், அங்கிருந்து அடித்தளத்தின் எடைக்கும் இடையறாமல் கடத்த வேண்டும். எனவே கூரை போடும் எண்ணம் பின்னால்தான் வரும் என்றாலும், அடித்தளம் போடும்போதே அதைச் சொல்லிவிடுங்கள். தூண் நின்ற பிறகு அடித்தளத்தின் எடையைக் கூட்ட முடியாது. என் யோசனையைக் கேட்டால், நிலையான தகரத்தை விட்டுவிட்டு, புயல் எச்சரிக்கை வந்ததும் கழற்றி மடித்து வைக்கக்கூடிய நிழல் துணியைப் போடுங்கள்.

கேள்வி: பழைய பகுதியில் தேக்கு இருக்கிறது. புதிய பகுதிக்கு மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்து செய்யும் டபிள்யூ.பி.சி. பலகை போடலாமா?
– வாசகர், அனகாபுத்தூர்

பதில்: போடலாம். கரையான் தொல்லை பெரிதும் குறையும். நான்கு செய்திகளை மட்டும் கவனியுங்கள். இந்தப் பலகை வெயிலில் நீளும் தன்மை உடையது. பத்தடிப் பலகையின் முனைகளில் 5 மி.மீ. இடம் விடாவிட்டால் சித்திரை வெயிலில் நடுவில் வளைந்து எழும். தேக்கைப்போல் விறைப்பானது அல்ல என்பதால் அடிச்சட்டங்கள் ஓரடிக்கு ஒன்றாக இருக்க வேண்டும். தேக்குக்குப் போட்ட இடைவெளியையே இதற்கும் போட்டால் கால் வைக்கும்போது தொய்வு தெரியும். அடர்நிறப் பலகை நண்பகலில் வெறுங்காலை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகும், ஆகவே வெளிர்நிறத்தையே தேர்ந்தெடுங்கள். இரண்டு பலகைகளின் கனமும் வேறாக இருக்கும் என்பதால், மேல்மட்டம் ஒன்றாக வருமாறு டியூப் லெவல் (நீர் நிரப்பிய மட்டக் குழாய்) வைத்துச் சட்டத்தின் மட்டத்தை முன்கூட்டியே தாழ்த்தியோ உயர்த்தியோ கொள்ள வேண்டும். கால் அங்குலப் படி கூட முதியவர்களின் காலைத் தடுக்கிவிடும்.

கேள்வி: கைப்பிடிக்குக் கிடைவாட்டில் நான்கு ஸ்டீல் குழாய்கள் ஓட்டினால் போதுமா? அழகாக இருக்கும் என்று நினைக்கிறோம்.
– வாசகி, பொழிச்சலூர்

பதில்: சிறு பிள்ளைகள் வரும் வீட்டில் வேண்டாம். கிடைக்குழாய் அவர்களுக்கு ஏறும் படியாகிவிடும். செங்குத்துக் கம்பிகளை, நடுவில் 4 அங்குலத்துக்கு மேல் இடைவெளி இல்லாமல் வையுங்கள். உயரம் பலகை மட்டத்திலிருந்து 1 மீட்டருக்குக் குறையவே கூடாது. நீட்டிய டெக்கின் ஓரம் பழையதைவிட உயரத்தில் நிற்கும் என்பதால் பழைய கைப்பிடியைக் கழற்றி அப்படியே முன்னால் மாட்டுவது போதாது.

கேள்வி: டெக்கை நீட்ட அனுமதி வாங்க வேண்டுமா? எங்கள் கழிவுநீர்த் தொட்டியும் பின்புறத்தில்தான் இருக்கிறது. நீட்டினால் அது மேடைக்கு அடியில் வந்துவிடும்.
– வாசகர், பழைய பல்லாவரம்

பதில்: மனையின் பின்புறம் செட்பேக் என்று கட்டாயமாக விட வேண்டிய காலியிடம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி உங்கள் மனைக்கு அது எவ்வளவு என்பதை, அனுமதி பெற்ற வரைபடத்தை எடுத்துக்கொண்டு தாம்பரம் மாநகராட்சி அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2021-இல் பல்லாவரம் நகராட்சி அந்த மாநகராட்சியோடு இணைக்கப்பட்டுவிட்டது. கன்டோன்மென்ட் எல்லைக்குள் இருப்பவர்கள் கன்டோன்மென்ட் வாரியத்தை அணுக வேண்டும். கழற்றக்கூடிய மேடைதானே என்று தாமாகவே முடிவு செய்துவிடுவது, பின்னர் வீட்டை விற்கும்போதோ அண்டை வீட்டார் புகார் கொடுக்கும்போதோ தொல்லையாகும்.

உங்கள் ஊரில் கவனிக்க வேண்டிய இன்னொரு விதியும் உண்டு. 1863-இல் நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்காலக் கருவியைக் கண்டெடுத்த இடம் பல்லாவரம். இங்குள்ள பெருங்கற்கால ஈமச்சின்னப் பகுதிகள் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கின்றன. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்துக்குத் தடை உண்டு. அதற்கு அடுத்த 200 மீட்டருக்குள் பழுதுபார்க்கவும் கட்டவும் முன் அனுமதி வேண்டும். உங்கள் மனை அந்த எல்லைக்குள் வருகிறதா என்பதைக் குழி தோண்டும் முன்பே உறுதிசெய்துகொள்ளுங்கள்.

கழிவுநீர்த் தொட்டியைப் பொறுத்தவரை, அதன் மூடியின் மேலோ சுவரின் மேலோ எந்தத் தூணும் உட்காரக் கூடாது; 2003 முதல் கட்டாயமான மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்கும் இதுவே பொருந்தும். தொட்டியின் மூடிக்கு நேர் மேலே பலகைகளை இரண்டரை அடிச் சதுரத்தில் தனிச்சட்டமாக அமைத்து, கைப்பிடி வளையத்தோடு தூக்கி எடுக்கும்படி வையுங்கள். லாரியின் உறிஞ்சு குழாயை அந்த வழியாக இறக்க முடிய வேண்டும். குழாய் எட்டாத தொட்டிக்குள் கடைசியில் யாரோ ஒருவரை இறக்கும் நிலை வந்துவிடுகிறது. பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டின் சட்டம் தண்டனைக்குரிய குற்றமாக்கியிருக்கிறது. தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாயை மேடைக்குக் கீழே வெட்டி விட்டுவிடாமல், வீட்டுச் சுவரோரமாகக் கூரை மட்டத்துக்கு மேல் நீட்டிக் கொண்டுபோய், அதன் வாயில் கொசுவலை கட்டச் சொல்லுங்கள்.